குரோன் நோயாளிக்குப் புகையை விடுவதும் ஒரு மருந்தே

குரோன் நோய்க்காக எங்கள் பிரிவுக்கு வருவோரிடம் முதல் நாளிலேயே கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "புகைப்பிடிக்கும் பழக்கம் உண்டா?" என்பது. இதைக் கேட்டதும் பலர் சற்றே வியப்படைகின்றனர். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் புகை ஆகாது என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் வயிற்றுவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் வந்த இடத்தில் சிகரெட்டைப் பற்றி ஏன் விசாரிக்க வேண்டும் என்பது அவர்களது ஐயம். வேறு சிலரோ, உடன் வந்திருக்கும் தந்தையையோ மனைவியையோ ஒரு கணம் பார்த்துவிட்டு, "இல்லை" என்று சொல்லிவிடுகின்றனர்.

அந்த ஐயத்துக்கும் அந்தத் தயக்கத்துக்கும் விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். குரோன் நோயுள்ள ஒருவர் புகையை விடுவதை நல்லொழுக்க அறிவுரையாக நாங்கள் கருதுவதில்லை. நாள்தோறும் விழுங்கும் மாத்திரையைப் போலவே அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. எனவே அதைச் சிகிச்சையைப் போலவே திட்டமிட்டு, துணையுடன், தேவையானால் மருந்துகளுடனும் மேற்கொள்ள வேண்டும்.

நோயைப் பற்றிச் சில சொற்கள்

1932ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் சிறுகுடலின் கடைப்பகுதியில் தோன்றும் ஒருவகை அழற்சியை விவரித்து எழுதினர். அம்மூவருள் முதல்வரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையின் எப்பகுதியையும் இந்நோய் தாக்கலாம். எனினும் சிறுகுடலின் கடைப்பகுதியும் பெருங்குடலும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. நம் உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் நிலைதவறிக் குடலின் மீதே தொடர்ந்து போர் தொடுப்பதே இதன் அடிப்படை. இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ ஒரே வீட்டில் வாழ்வதாலோ பரவாது.

குரோன் அழற்சி குடலின் உட்சவ்வோடு நிற்பதில்லை. குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவக்கூடியது. அதனால்தான் நாளடைவில் குடல் தடித்துச் சுருங்கி உணவு செல்லும் வழி குறுகுகிறது. சிலருக்குக் குடலிலிருந்து அருகிலுள்ள உறுப்புக்கோ தோலுக்கோ புரைவழி உண்டாகிறது. ஆசனவாயருகே சீழ்க்கட்டியும் பவுத்திரமும் தோன்றுவதும் உண்டு. சில காலம் தணிந்திருப்பதும் மீண்டும் தலைதூக்குவதும் இந்நோயின் இயல்பு. ஒவ்வொரு முறை தலைதூக்கும்போதும் குடலுக்குச் சிறிது சேதம் மிஞ்சுகிறது. ஆகவே நோயைத் தணிந்த நிலையிலேயே நெடுங்காலம் வைத்திருப்பதுதான் நாங்கள் தரும் எல்லா மருந்துகளின் இலக்கும். புகை இந்த இலக்குக்கு நேர் எதிராக வேலை செய்கிறது.

சான்றுகள் சொல்வது என்ன?

புகைப்போரிடம் குரோன் நோய் மிகுதியாகக் காணப்படுவதை 1984இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மேலைநாடுகளில் புகைப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2 மடங்கு எனத் தெரியவந்தது. ஆசியாவில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் இத்தொடர்பு அவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை. எனவே, "நான் புகைத்ததால்தான் எனக்கு இந்நோய் வந்ததா?" என்று ஒருவர் கேட்டால், ஆம் என்று சொல்ல இயலாது. ஒருபோதும் புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. மரபணுக்கள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள், உணவு, சுற்றுச்சூழல் எனப் பல காரணங்கள் இதில் கலந்துள்ளன. கடந்ததை எண்ணிக் குற்றவுணர்வில் உழல வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

நோய் வந்தபின் நிகழ்வதுதான் முதன்மையானது. தொடர்ந்து புகைக்கும் குரோன் நோயாளிகளுக்கு நோய் அடிக்கடி தலைதூக்குகிறது. ஸ்டீராய்டு மருந்துகளும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் அதிகம் தேவைப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்கான தேவை கூடுகிறது. குடலின் பாதிக்கப்பட்ட பகுதியை வெட்டியெடுத்த பிறகும், இணைத்த இடத்தில் நோய் மீண்டும் வரும் வாய்ப்பு புகைப்போருக்கு ஏறத்தாழ 2 மடங்கு. 10 ஆண்டுகளுக்குள் மீண்டும் அறுவை மேசைக்குச் செல்லும் வாய்ப்பும் 2 மடங்குக்கு மேல்.

விட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை தந்தது 2001இல் பாரீஸிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. புகைக்கும் குரோன் நோயாளிகள் 474 பேருக்கு மருத்துவர்கள் தொடர்ந்து அறிவுரையும் உதவியும் அளித்தனர். அவர்களுள் 59 பேர் ஓராண்டுக்கு மேல் புகையின்றி இருந்தனர். அந்த 59 பேரின் நோய்ப்போக்கு, புகையாதவர்களின் நோய்ப்போக்கை ஒத்ததாக மாறியது. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அவர்களுக்கு 65 விழுக்காடு குறைவு. புதிய மருந்து ஒன்று இத்தகைய பலனைத் தந்திருந்தால் உலகமே அதைக் கொண்டாடியிருக்கும்.

அந்த ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. மருத்துவர்கள் முனைந்து உதவியபோதும் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேரால்தான் முழுமையாக விட முடிந்தது. நிக்கோட்டின் என்பது மூளையைப் பழக்கி அடிமைப்படுத்தும் பொருள். இதில் தோற்பவர்களை மனவுறுதியற்றவர்கள் என்று ஏசுவது, காய்ச்சல் வந்தவரை ஏன் சூடாக இருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமம்.

"ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டுதான், டாக்டர்"

வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. எண்ணிக்கையைக் குறைப்பது நல்ல தொடக்கமே. ஆனால் அது முடிவாகிவிடக் கூடாது. நாளொன்றுக்கு 10 அல்லது அதற்கும் குறைவாகப் புகைக்கும் குரோன் நோயாளிகளைத் தனியே ஆராய்ந்தபோதும் அவர்களது நோய் புகையாதவர்களின் நோயைவிடத் தீவிரமாகவே இருந்தது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை.

பீடியைப் பற்றியும் ஒரு சொல். இலையில் சுற்றியது, இயற்கையானது, ஆகையால் சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்று நம்புவோர் பலர். உண்மை வேறு. பீடி இலை எளிதில் எரிவதில்லை. அணையாமல் காக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நிக்கோட்டினும் தாரும் குறைவதில்லை. புகைக்கு மாற்றாகப் புகையிலையை மெல்லுவதும் தீர்வாகாது. அது வாய்ப்புற்றுநோய்க்கு வழி திறக்கும், நிக்கோட்டின் அடிமைத்தனமும் அப்படியே நீடிக்கும். மின்சிகரெட்டின் விற்பனையோ 2019ஆம் ஆண்டின் சட்டத்தால் இந்தியா முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். "குடல் அழற்சிக்குப் புகை நல்லது" என்று எங்கோ படித்ததாகச் சிலர் சொல்வதுண்டு. அது குரோன் நோயைப் பற்றியதே அன்று. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி, புகைப்போரிடம் குறைவாகக் காணப்படுகிறது என்பதை 1982இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகர மருத்துவர்கள் கவனித்தனர். அந்நோய்க்கு நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையைக்கூடச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டும் குடல் அழற்சி நோய்கள் எனினும், புகையைப் பொறுத்தவரை இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களுக்கும் எந்த மருத்துவரும் புகையைப் பரிந்துரைப்பதில்லை. புற்றுநோயும் மாரடைப்பும் எந்தக் குடலுக்கும் சலுகை தருவதில்லை.

நம் நாட்டுக்கு உரிய காரணம்: காசநோய்

மேலைநாட்டு நூல்களில் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் நமக்கு உண்டு. இந்தியாவில் காசநோய்க் கிருமி பலரது உடலில் உறங்கிக் கிடக்கிறது. குரோன் நோய்க்குத் தரப்படும் மருந்துகள், குறிப்பாக இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள், நோய் எதிர்ப்பை அடக்குவதன்மூலம் வேலை செய்பவை. அவை உறங்கும் காசநோயைத் தட்டியெழுப்பக்கூடும். ஆகவேதான் அவற்றைத் தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான சோதனைகளும் செய்கிறோம். புகைப்பழக்கமும் தன் பங்குக்குக் காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஒரே கதவை இரண்டு பக்கமிருந்தும் தள்ளுவது போன்ற நிலை இது. மருந்தை நிறுத்த இயலாது. புகையை நிறுத்தலாம்.

குடற்காசநோயும் குரோன் நோயும் பார்வைக்கு ஒன்றையொன்று ஒத்திருப்பதால், நம்மில் பலர் முதலில் காசநோய் மாத்திரைகளைச் சில மாதங்கள் உட்கொண்ட பின்பே குரோன் நோய் எனத் தெளிவடைந்திருப்பர். அவ்வாறு நீண்ட வழி நடந்து வந்தவர்கள், கிடைத்த சிகிச்சையின் முழுப் பலனையும் பெற வேண்டாமா?

எலும்பைப் பற்றியும் நினைவூட்ட வேண்டும். ஸ்டீராய்டு எலும்பை மெலியச் செய்யும். குடல் அழற்சியும் மெலியச் செய்யும். புகை மூன்றாவதாக வந்து சேர்கிறது. இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தும் அவ்வாறே. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே புகையை விட்டுவிட்டால், காயம் ஆறுவதும் மயக்க மருந்துக்குப் பின் நுரையீரல் தேறுவதும் எளிதாகும். 4 வாரம் இல்லையென்றாலும் விடுங்கள். இன்று விடுவது நாளை விடுவதைவிட நன்று.

முதல் வாரங்களில் குடல் எப்படி நடந்துகொள்ளும்?

புகையை விட்ட குரோன் நோயாளிகள் சிலர் இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் புகைக்கத் தொடங்குகின்றனர். காரணம் கேட்டால், "விட்ட பிறகுதான் வயிறு கெட்டுப்போனது" என்கின்றனர். இதைப் பொய் என்று ஒதுக்க முடியாது. நிக்கோட்டின் விலகும்போது உடலில் தோன்றும் மாற்றங்கள் சில, நோய் தலைதூக்குவதைப் போலவே தோற்றம் தருகின்றன. முன்பே அறிந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

முதலாவது, மலச்சிக்கல். காலையில் ஒரு பீடியோ சிகரெட்டோ இழுத்தால்தான் காலைக்கடன் கழியும் என்பது பலரது அனுபவம். நிக்கோட்டின் குடலின் அசைவைத் தூண்டுவது உண்மையே; அது இல்லாதபோது குடல் சில வாரங்களுக்குச் சோம்பிக் கிடக்கலாம். எழுந்தவுடன் வெதுவெதுப்பான நீர் அருந்துவதும், காலை உணவுக்குப்பின் அவசரமின்றிக் கழிவறையில் சிறிது நேரம் அமர்வதும், நாள்தோறும் நடப்பதும் குடலுக்குப் புதிய ஒழுங்கைக் கற்பிக்கும். மலமிளக்கி தேவையெனில் எங்களைக் கேட்டபின் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வாய்ப்புண். புகையை விட்ட முதல் இரு வாரங்களில் சிலருக்கு வாயில் சிறு புண்கள் வருகின்றன. குரோன் நோயிலும் வாய்ப்புண் வரும் என்பதால் பலர் கலங்கிப்போகின்றனர். புகையை விட்டதால் வரும் புண்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே ஆறிவிடும்.

மூன்றாவது, எரிச்சல், தூக்கக்குறைவு, படபடப்பு, பசி. இவை முதல் 2, 3 நாட்களில் உச்சத்தை எட்டி, 2 முதல் 4 வாரங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். படபடப்புக்குக் காபியும் ஒரு காரணமாகலாம். புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் கல்லீரலைத் தூண்டிக் காபியின் கஃபீனை விரைவாக வெளியேற்றச் செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அதே இரண்டு தம்ளர் காபி, இரத்தத்தில் முன்னைவிட அதிக கஃபீனைத் தேக்குகிறது. அந்த நாட்களில் காபியையும் தேநீரையும் பாதியாகக் குறைப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இதம்.

நான்காவது, எடை. விட்ட பின் ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ எடை கூடலாம். மெலிந்துபோன குரோன் நோயாளிக்கு இது பல வேளைகளில் வரவேற்கத்தக்கதே.

ஆனால் கீழ்க்காண்பவற்றைப் புகையை விட்டதன் விளைவு என்று எண்ணி வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம்:

• வயிறு உப்பி, விட்டுவிட்டு இழுத்துப் பிடிக்கும் வலியுடன் வாந்தி வருதல். மலமும் வாயுவும் பிரியாதிருத்தல்
• மலத்தில் இரத்தம்
• காய்ச்சல்
• இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு
• ஆசனவாயருகே வீக்கம், சீழ், கடும் வலி
• எடை தொடர்ந்து குறைதல்

இவற்றுள் முதலாவது குடல் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். மற்றவற்றுக்கும் தாமதமின்றி எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். ஐயம் இருந்தால் மலத்தில் கால்ப்ரொடெக்டின் எனும் புரதத்தின் அளவைச் சோதித்து, வருவது அழற்சியா அன்றா என்று பெருமளவு தெரிந்துகொள்ள முடியும்.

பொது அறிவுரையில் ஓர் எச்சரிக்கை

புகை நினைவு வரும்போதெல்லாம் கேரட், வெள்ளரி, வேர்க்கடலை, பொரி என்று எதையாவது மென்றுகொண்டிருங்கள் என்பது எங்கும் சொல்லப்படும் அறிவுரை. பொதுமக்களுக்கு அது நல்லதே. குடல் சுருக்கம் உள்ள குரோன் நோயாளிக்கு அது ஆபத்தாகலாம். நார் மிகுந்த பச்சைக் காய்களும் சரியாக மெல்லப்படாத கொட்டைகளும் குறுகிய வழியில் சிக்கிக்கொள்ளக்கூடும். உங்களுக்குச் சுருக்கம் உண்டா என்பது உங்கள் ஸ்கேன் அறிக்கையிலும் கொலோனோஸ்கோப்பி அறிக்கையிலும் இருக்கும், தெரியாவிட்டால் கேளுங்கள். இனிப்பூட்டப்பட்ட "சுகர்ஃப்ரீ" மிட்டாய்களிலும் சூயிங்கம்களிலும் சார்பிட்டால் இருந்தால், அவை அதிக அளவில் வயிற்றுப்பொருமலையும் வயிற்றுப்போக்கையும் தரும். அதற்குப் பதிலாக ஓர் ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ளலாம். குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக அருந்தலாம். மோர் ஒத்துக்கொள்பவர்கள் மோர் அருந்தலாம்.

எப்படி விடுவது?

எவ்வித உதவியுமின்றித் தாமாகவே விட முயல்வோருள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 பேர் மட்டுமே. ஆலோசனையும் மருந்தும் சேரும்போது இவ்வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது.

முதலில் ஒரு நாளைக் குறியுங்கள். அடுத்த இரு வாரங்களுக்குள் வரும் நாளாக அது இருக்கட்டும். அதுவரை, எந்தெந்த நேரத்தில், யாருடன், எதற்காகப் புகைக்கிறீர்கள் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்து வாருங்கள். தேநீருக்குப் பின்னா, இரவுப் பணியின்போதா, மலம் கழிக்கும் முன்னா, வலி வரும்போதா? வலியையும் கவலையையும் மறக்கப் புகைப்பவர்கள் எங்கள் நோயாளிகளுள் பலர். அந்த வலிக்கும் கவலைக்கும் தனியே சிகிச்சை உண்டு என்பதால் அதையும் எங்களிடம் சொல்ல வேண்டும்.

நிக்கோட்டின் சூயிங்கம் 2 மி.கி., 4 மி.கி. அளவுகளில் கிடைக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்குப் பெரும்பாலும் 4 மி.கி. தேவைப்படும். இதைச் சாதாரண சூயிங்கம் போல இடைவிடாது மெல்லக் கூடாது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைத்து, காரம் குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். விரைந்து மென்று விழுங்கினால் விக்கலும் குமட்டலும் வரும். காபி, பழச்சாறு அருந்திய உடனே மென்றால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. கால் மணி நேரம் பொறுங்கள். வயிற்றுக்கு இது ஒவ்வாதவர்கள் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையைப் பயன்படுத்தலாம். இவற்றில் நிக்கோட்டின் இருப்பதால் குரோன் நோய் கெடுமோ என்று அஞ்ச வேண்டாம். புகையிலுள்ள ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களோடு ஒப்பிட, சில வாரங்களுக்கான இந்த உதவி மிகவும் பாதுகாப்பானது.

வாரெனிக்ளின், புப்ரோபியான் என்னும் மாத்திரைகளும் உண்டு. மருத்துவரின் சீட்டின்றி இவற்றை எடுக்கக் கூடாது. வாரெனிக்ளினைக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி வழக்கமாக 12 வாரம் தொடர வேண்டும். குமட்டல் வரலாம், உணவுக்குப்பின் ஒரு தம்ளர் நீருடன் உட்கொண்டால் குறையும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. சிறுகுடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் அதை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

தொலைபேசி வழியே ஆலோசனை பெற, புகையிலைப் பொருட்களின் உறைகளிலேயே அச்சிடப்பட்டுள்ள தேசிய எண் 1800-11-2356. இது கட்டணமற்றது.

புகையின் மீதான தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நிமிடங்களைக் கடத்துவதே கலை. இடத்தைவிட்டு எழுந்து நடங்கள், முகம் கழுவுங்கள், நீர் அருந்துங்கள், யாரிடமாவது பேசுங்கள். நண்பர்களோடு டீக்கடையில் நிற்பதுதான் உங்கள் சோதனைக்களம் என்றால், முதல் ஒரு மாதம் தேநீரை வீட்டிலோ அலுவலக மேசையிலோ அருந்துங்கள்.

இதில் நம்மிடையே வழங்கும் ஒரு பழக்கம் கற்றுத்தருவது நிறைய. சபரிமலைக்கு மாலையிட்டு 41 நாள் விரதம் இருப்பவர்களுள் எத்தனையோ பேர், அதற்கு முன்நாள் வரை பெட்டி பெட்டியாகப் புகைத்தவர்கள். அந்த 41 நாளும் புகையைத் தொடுவதில்லை. உடலின் தவிப்பு அதற்குள் அடங்கியே போயிருக்கும். மாலையைக் கழற்றியபின் மீண்டும் பற்றவைப்பது உடல் கேட்பதால் அன்று. பழைய இடமும் பழைய கூட்டமும் அழைப்பதால்தான். எச்சமயத்தவராயினும், ஒரு காரணத்துக்காகப் புகையை விட்டிருந்த காலம் ஒன்று உங்கள் வாழ்வில் இருந்திருந்தால், உங்களால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. அந்தக் காரணத்தின் இடத்தில் இப்போது உங்கள் குடலை வைத்துப் பாருங்கள்.

குடும்பத்தாருக்கு

நம் வீடுகளில் தந்தை முன் மகன் புகைப்பதில்லை. அது மரியாதை. ஆனால் அந்த மரியாதையே மருத்துவர் அறையில் உண்மையை மறைத்துவிடக்கூடும். ஆகவே சில வேளைகளில், "சற்று நேரம் வெளியே இருங்கள்" என்று உங்களைக் கேட்டுக்கொள்வோம். தவறாக எண்ண வேண்டாம். நோயாளி தனியே சொல்வது சிகிச்சைக்காக மட்டுமே பயன்படும். அவரது இசைவின்றி உங்களுக்குச் சொல்லப்படாது. உண்மை தெரியாமல், மருந்து பலனளிக்கவில்லை என்று எண்ணி மேலும் வலிய, மேலும் விலையுயர்ந்த மருந்துக்கு நாங்கள் மாற நேரிடலாம். ஒரு பொய்யின் விலை சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தையும் தாண்டிவிடும்.

வீட்டில் சட்டைப்பையைத் துழாவுவதும், வாயை முகர்ந்து பார்ப்பதும், உறவினர் முன் ஏசுவதும் எவரையும் திருத்தியதில்லை, மறைக்கத்தான் கற்றுத்தருகின்றன. அதற்கு மாறாக, முதல் மூன்று வாரங்களில் அவர் எரிந்து விழுந்தால் அது நிக்கோட்டின் விலகும் வலி என்று பொறுத்துக்கொள்ளுங்கள். "இன்று எத்தனையாவது நாள்?" என்று அன்போடு கேளுங்கள். வீட்டிலுள்ள சாம்பல் கிண்ணத்தையும் லைட்டரையும் அப்புறப்படுத்துங்கள். வீட்டில் வேறொருவர் புகைப்பவராயின், அவரும் சேர்ந்து விடுவதைவிடப் பெரிய உதவி இல்லை. இயலாவிட்டால் வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் புகைக்காமலாவது இருக்கட்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ குரோன் நோய் இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆயினும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. மரபணுவை நம்மால் மாற்ற இயலாது. அப்பிள்ளைகள் புகையைத் தொடங்காமல் இருக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.

மீண்டும் பற்றவைத்துவிட்டால்?

நிலையாக விட்டவர்களுள் பெரும்பாலோர் ஒருமுறைக்கு மேல் முயன்றவர்களே. ஒரு திருமண வீட்டிலோ, ஒரு துக்க வீட்டிலோ ஒன்றைப் பிடித்துவிட்டால், "எல்லாம் போயிற்று" என்று பெட்டியை வாங்கிவிடாதீர்கள். ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டவர் சிகிச்சையையே கைவிடுவதில்லை; அடுத்த வேளை மாத்திரையை எடுத்துக்கொள்கிறார். இதுவும் அவ்வாறே. எது தூண்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எங்களிடம் அதைக் காட்டுங்கள். வெட்கப்பட்டு வருகையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான பின்னடைவு.

புகையை விட்டவுடன் மற்ற மருந்துகளைக் குறைத்துவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. புகையை விடுவது மருந்துகளுக்கு மாற்று அன்று, துணை. அசதியோபிரின், ஊசி மருந்துகள் முதலியவற்றை எங்களைக் கேளாமல் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஓராண்டு புகையின்றி, நோயும் தணிந்திருக்கும்போது, சிகிச்சையை எப்படித் தொடரலாம் என்று இருவரும் அமர்ந்து பேசலாம்.

அடுத்த வருகையின்போது மூன்று செய்திகளை எழுதிக்கொண்டு வாருங்கள்: நாளொன்றுக்கு எத்தனை புகைக்கிறீர்கள், எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலாவதைப் பற்றவைக்கிறீர்கள், விட எந்த நாளைக் குறித்திருக்கிறீர்கள். நாள் இன்னும் குறிக்கவில்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு வாருங்கள். சேர்ந்து அமர்ந்து குறிப்போம்.